பதினேழு ஆண்டுகள் தெரியாத ஓட்டை

1978-இல் ஒரே கணினி ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஆகஸ்டில் டோனி ஹோர், ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களின் செய்திப் பரிமாற்றத்தை எழுத ‘சிஎஸ்பி’ என்ற குறிமொழியைத் தந்தார். டிசம்பரில் நீடாமும் ஷ்ரோடரும், இரு கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் நெறிமுறையை வெளியிட்டார்கள். அதன் மையம் மூன்றே செய்திகள்தான்.

1989-இல் நீடாமும் சேர்ந்து உருவாக்கிய பி.ஏ.என். தர்க்கம் அதை அலசியது. ஓட்டை கண்ணில் படவில்லை.

1995-இல் கேவின் லோ அதைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு, நெறிமுறையை சிஎஸ்பியில் எழுதி எஃப்டிஆர் கருவியிடம் கொடுத்தார். அதுவும் அதே தாக்குதலைக் காட்டியது.

விஷயம் இதுதான். கலா, திருடன் என்று தெரியாமல் ஒருவனிடம் பேச்சைத் தொடங்குகிறாள். அவன் முத்துவிடம் போய், ‘நான்தான் கலா’ என்கிறான். முத்து பூட்டி அனுப்பும் ரகசிய எண்ணைத் திறக்கும் சாவி கலாவிடம்தான் உண்டு. திருடன் அதை அப்படியே அவளிடம் தள்ளிவிட, அவளே திறந்து அவனிடம் கொடுத்துவிடுகிறாள்.

இரண்டாவது செய்தியில் அனுப்புபவர் பெயரைச் சேர்த்தால் போதும், ஓட்டை அடைபடும்.

பி.ஏ.என்., பேசுகிறவர்கள் எல்லாரும் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொண்டது. லோ, உள்ளே இருப்பவனும் திருடனாகலாம் என்று எழுதினார். கணக்கு எவ்வளவு கறாராக இருந்தாலும், யாரை நம்புகிறோம் என்பதை முதலில் நாம்தான் எழுத வேண்டியிருக்கிறது. வேலையில் நெறிமுறை ஆவணம் எதையாவது திறந்தால், நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.