முத்தும் விருந்தாளிப் புழுவும்

எறும்புப் புற்றுக்குள் ஒருவகைச் சுவர்க்கோழி வாழ்கின்றது. அதன் நீளம் சில மில்லிமீட்டரே. அதற்குச் சிறகு இல்லை. ஆதலின் பாட்டும் இல்லை. எறும்புகளின் மேனியை உரசி அவற்றின் மணத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு, அவை சேர்த்த உணவைக் களவாடி உண்கின்றது. 1799-ஆம் ஆண்டில் இதனை விவரித்த செருமானிய அறிஞர் பான்சர், கரப்பான் இனத்தில் இதனைச் சேர்த்துவிட்டார். பிறர் மனையில் ஒளிந்து வாழும் விருந்தாளியை இன்னாரென அறிவது அத்துணை அரிது!

இத்தகைய விருந்தாளி ஒன்று நம் முத்துக் கடலின் வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. பரதவரின் ஏழு கடற்றுறைகளுள் ஒன்றாகிய வேம்பார் முதலிய ஊர்களில், முத்துக்குளித்தலே பலருக்கு வாழ்வாக இருந்தது. ஆனால் முத்து எவ்வாறு பிறக்கின்றது? சிப்பியின் வாயில் விழும் மழைத்துளியே முத்தாகின்றது என்று முன்னோர் நம்பினர்.

1902-இல் பேராசிரியர் ஹெர்ட்மன் இலங்கைக்கு வந்தார். ஹார்னெல் என்பவரின் துணையோடு மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை ஆராய்ந்தார். சிப்பியின் உடலுள் நாடாப்புழுவின் இளம்பருவம் ஒன்று குடியிருக்கக் கண்டார். சிப்பியைத் தின்னும் மீன்களின் வழியே திருக்கை மீனைச் சென்றடைந்து அப்புழு முழு வளர்ச்சி பெறுகின்றது என்றும், சிப்பியுள் மடியும் புழுவைச் சுற்றியே உயர்ந்த முத்து விளைகின்றது என்றும் முடிவு செய்தார். 'முத்தாக்கி' என்று பொருள்படும் இலத்தீன் பெயரே அப்புழுவுக்குச் சூட்டப்பட்டது!

முத்து வாணிகத்தில் நம்பிக்கை மிகுந்தது. 1906-இல் இலங்கைச் சலாபத்தை ஆங்கிலக் குழுமம் ஒன்று 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆனால், 1907-க்குப் பின் பார்களில் சிப்பியே அருகிவிட்டது; 1912-இல் குழுமம் கலைந்தது. அதே ஆண்டில் ஜேம்சன் என்னும் அறிஞர், அப்புழு முத்தின் பொதுக்காரணம் ஆகாது என்று எடுத்துக்காட்டினார்.

அவ்வாறாயின் முத்தை ஆக்குவது யாது? சிப்பியின் ஓட்டுக்கு உட்புறம் பளபளப்பைப் பூசும் மென்தோலே அது. அத்தோலின் அணுக்கள் உடலினுள் புகுந்து பை போலாகி, அடுக்கடுக்காக முத்தைப் படைக்கின்றன. 1973-இல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த அழகர்சாமி, மென்தோல் துண்டையும் சிறு மணியையும் சிப்பியுள் பதித்து உருண்டை முத்தை விளைவித்தார்.

மாணவர்களே! மனையில் ஒருவனைக் கண்டதனாலேயே அவனே அம்மனையைக் கட்டியவன் என்று துணிதல் கூடாது. உடனிருப்பது வேறு, காரணமாதல் வேறு. இவ்வுண்மையைத் தெளிய நம் முத்துக் கடலுக்குப் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன.