பல் முளைப்பும் பாதரசப் பொடியும்

மருந்துண்ட குழந்தைக்குப் புதியதொரு துன்பம் நேரின், அதற்கு மருந்து காரணமா, முன்னரே இருந்த பிணி காரணமா என்று துணிதல் எளிதன்று. வளர்ந்தவர் தம் உடலில் நேர்ந்ததை எடுத்துரைப்பர்; குழவிக்கோ அழுகை ஒன்றே மொழி. இத்துணிபு எத்துணை அரியது என்பதை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலைநாட்டுக் குழந்தைகளை வாட்டிய 'இளஞ்சிவப்பு நோய்' என்பதன் வரலாறு நன்கு உணர்த்தும்.

நோயின் இயல்பு

1903-இல் ஜெர்மானிய மருத்துவர் செல்ட்டரும், 1914-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர மருத்துவர் ஸ்விஃப்டும் இந்நோயை விளக்கியுரைத்தனர். கைகளும் கால்களும் சிவந்து வீங்கும், தோல் உரியும், வியர்வை பெருகும், ஒளி கண்டால் கண் கூசும், தசைகள் தளரும். குழந்தை உணவை வெறுத்து, உறக்கமின்றி ஓயாது அழும். சில குழந்தைகளுக்குப் பற்களும் உதிர்ந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் 1939 முதல் 1948 வரை 585 குழந்தைகள் இந்நோயால் மாண்டனர்.

காரணம் யாது என்பதில் மருத்துவர் ஒருமனப்படவில்லை. தொற்றுக் கிருமியே காரணம் என்றனர் சிலர். வைட்டமின் குறைவே என்றனர் வேறு சிலர்.

தாய்மார் நம்பிய பொடி

அக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றுக்கோளாறோ வரின், பல் முளைப்பதே காரணம் என்று கருதும் வழக்கம் வேரூன்றியிருந்தது. அதற்கெனக் கடைகளில் விற்ற பொடிகள் பலவற்றில் கலோமெல் கலந்திருந்தது. இது பாதரசமும் குளோரினும் சேர்ந்த உப்பு. சித்த மருத்துவர் 'பூரம்' என வழங்கும் சரக்கும் இதுவே. பேதிக்கு உதவும் இதனை வெள்ளைக்கார மருத்துவர்களும் நெடுங்காலம் நம்பிக் கொடுத்துவந்தனர்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. பல் முளைக்கும் பருவமும் நோய் தோன்றும் பருவமும் ஏறத்தாழ ஒன்றே. குழந்தை அழுததால் பொடி கொடுக்கப்பட்டதா, பொடி கொடுத்ததால் குழந்தை அழுததா என்று பிரித்தறிய இயலவில்லை. மேலும், எண்ணற்ற குழந்தைகள் அப்பொடியை உண்டும் நலமாகவே வளர்ந்தனர். பொடியுண்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 500-இல் ஒன்றுக்கே நோய் வந்ததென்று பின்னர் மதிப்பிடப்பட்டது. தம் வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தும் தீங்கு காணாத தாய், பொடியின்மீது எங்ஙனம் ஐயங்கொள்வாள்?

சிறுநீர் கூறிய சான்று

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஜோசப் வார்க்கனி இம்முடிச்சை அவிழ்க்க முற்பட்டார். 1945-இல் நோயுற்ற குழந்தை ஒன்றின் சிறுநீரை ஆராய்ந்தபோது அதில் பாதரசம் மிகுந்திருக்கக் கண்டார். அவரும் டொனால்ட் ஹப்பர்டும் மேலும் பல குழந்தைகளை ஆராய்ந்து, பெரும்பாலோரிடம் பாதரசம் இருத்தலை 1948-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

உடனே அனைவரும் அதனை ஏற்றனர் அல்லர். நோயற்ற குழந்தைகள் சிலரிடமும் பாதரசம் உண்டே என்று வினவினர். அவ்வினா நியாயமானதே. ஆயினும் ஒரு நஞ்சு எல்லோரையும் ஒருபடியே தாக்கும் என்பதற்கு விதியில்லை. ஒருவர்க்குப் பொறுக்கும் அளவு இன்னொருவர்க்குப் பொறாது. பலருக்குத் தீங்கு நேராமை, ஒருவருக்கு நேர்ந்த தீங்கை இல்லையென்று ஆக்காது.

இறுதிச் சான்றை மக்களிடையே கண்ட மாற்றமே அளித்தது. 1954-இல் பிரிட்டனின் பெருந்தயாரிப்பாளர்கள் பல் முளைப்புப் பொடிகளிலிருந்து கலோமெலை நீக்கினர். அதன்பின் நோய் விரைந்து குறைந்து, சில ஆண்டுகளில் காண்டற்கரியதாயிற்று. கிருமியோ உணவுக்குறைவோ காரணமாயிருப்பின், பொடியை நீக்கியதால் நோய் மறைய வேண்டுவதில்லை.

வினாக்களே கருவி

வார்க்கனி காலத்தில் சிதறிக்கிடந்த வினாக்கள் பிற்காலத்தில் முறைப்படுத்தப்பட்டன. 1981-இல் நரஞ்சோவும் அவர்தம் குழுவினரும் கனடாவில் பத்து வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். மருந்துக்குப் பின்னரே துன்பம் தோன்றிற்றா? நிறுத்தியபின் தணிந்ததா? மீண்டும் கொடுத்தபோது திரும்ப வந்ததா? வேறு காரணம் உண்டா? உடலில் மருந்து நச்சளவில் இருந்ததா? இவை போன்றவற்றின் விடைகளுக்கு மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை ஒன்பதும் அதற்கு மேலும் ஆயின் உறுதி என்றும், அதனிற் குறையக் குறைய உறுதி குன்றி, இறுதியில் ஐயத்திற்குரியது என்றும் படிப்படியாக வகுத்தனர்.

ஆனால் குழந்தைகளிடம் இவ்வளவுகோல் முற்றும் பொருந்துவதில்லை. கெடுத்திருக்கலாம் என்று ஐயுற்ற மருந்தை மெய்ப்பிப்பதற்காகவே மீண்டும் ஊட்ட எந்த மருத்துவர் துணிவார்? மருந்தளவை அறியும் குருதிச் சோதனையும் எல்லார்க்கும் செய்யப்படுவதில்லை. விடையில்லா வினாக்கள் மிகுமாயின் மதிப்பெண் குறைகிறது; உண்மைத் தீங்கும் ஐயமாகவே நின்றுவிடுகிறது. இக்குறையை நோக்கி, லிவர்பூல் நகர ஆய்வாளர்கள் குழந்தை மருத்துவமனை நோயாளிகளின் குறிப்புகளைக் கொண்டு 2011-இல் புதியதொரு முறையை வெளியிட்டனர். அதில் மதிப்பெண் இல்லை. ஒரு வினாவின் விடை அடுத்த வினாவுக்கு வழிகாட்டும்.

எக்கருவியாயினும் அதற்கு உணவாவது குறிப்பே. எம்மருந்து, எவ்வளவு, எந்நாளில் கொடுக்கப்பட்டது, துன்பம் எப்போது தொடங்கிற்று என்பன எழுதப்படாவிடின் எவ்வளவுகோலும் பயன்படாது. மருத்துவர் எழுதித் தந்த மருந்தேயன்றிக் கடையில் வாங்கிய பொடியையும் களிம்பையும் இக்குறிப்பிற் சேர்த்தல் வேண்டும். இளஞ்சிவப்பு நோய் விளக்கப்பட்டதற்கும் பொடியிலிருந்து பாதரசம் நீங்கியதற்கும் இடையே ஐம்பத்தோராண்டுகள் கழிந்தன. அவ்வளவு காலமும், தீங்கற்றதென்று எல்லோரும் நம்பியதனாலேயே, கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமல் அப்பொடி வீட்டு அலமாரியில் இருந்தது.