வேடத்தோடு வந்த மொழி



தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடந்த நாள்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காலையில் பால்மரம் சீவிவிட்டு வந்தவர்தாம் இரவில் அரிதாரம் பூசி, கிரீடம் வைத்து, அருச்சுனனாக வந்து நிற்பார். வேடம் கட்டியபின் அவருடைய பேச்சும் மாறிவிடும். மாலையில் "என்னாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டவர், இரவில் "அடே சேவகா!" என்று முழங்குவார். உடம்புக்கு மட்டும் வேடம் போட்டால் போதாது, நாவுக்கும் போடவேண்டும் என்பது கூத்துக்காரர் அறிந்த பாடம்.

இந்தப் பாடத்தை அமெரிக்காவில் சிலர் வெகுதூரம் கொண்டு சென்றிருக்கிறார்கள். உலகில் எங்கும் இல்லாத ஓர் இனத்தின் வேடம் பூண்டு, யாருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒரு மொழியை அவர்கள் கற்றுப் பேசுகிறார்கள். அம்மொழியின் பெயர் கிளிங்கோன். அதன் வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் வேடத்தின் கதை. 1939ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நியூயார்க் நகரில் அறிவியல் புனைகதை வாசகர்களின் முதல் உலக மாநாடு கூடியது. வந்தவர் இருநூறு பேர் அளவில்தான். அவர்களுள் பாரஸ்ட் ஆக்கர்மன் என்ற இளைஞரும் மர்ட்டில் ஜோன்ஸ் என்ற பெண்மணியும் எதிர்கால மனிதர்களைப் போல உடை தரித்து வந்தார்கள். அந்த உடைகளை வடிவமைத்துத் தைத்தவர் அப்பெண்மணியே. மாநாட்டுக்கு வேடமிட்டு வரும் வழக்கத்திற்கு இதையே தொடக்கமாகச் சொல்வார்கள். இவ்விருவரும் எஸ்பெராந்தோ அறிந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். எஸ்பெராந்தோ என்பது 1887ஆம் ஆண்டில் சாமன்ஹாப் என்ற போலந்து நாட்டுக் கண் மருத்துவர், பல இனத்தாரும் ஒருவரோடொருவர் பேசுவதற்கென ஆக்கி வெளியிட்ட மொழி. அப்பெண்மணி தம் பெயரின் முதலெழுத்துகளை எஸ்பெராந்தோ முறையில் சேர்த்து 'மொரோயோ' என்றே தம்மை அழைத்துக் கொண்டார். ஆகவே வேடமும் ஆக்கப்பட்ட மொழியும் தொடக்கத்திலேயே ஒன்றாகத்தான் வந்திருக்கின்றன.

இனி, கிளிங்கோன் பிறந்த கதைக்கு வருவோம். 1966ஆம் ஆண்டு செப்டம்பரில், ஜீன் ராடன்பெரி என்பவர் படைத்த 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விண்வெளித் தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. கிளிங்கோன் என்ற போர்க்குணம் மிக்க இனத்தார் 1967ஆம் ஆண்டில் அதில் தோன்றினார்கள். அன்று அவர்கள் ஆங்கிலம்தான் பேசினார்கள். தொடர் 1969ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆனால் மறு ஒளிபரப்பினால் ரசிகர்கள் பெருகினார்கள். 1972ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு ரசிகர் மாநாடு கூட்டினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் திரண்டுவிட்டார்கள். அதன் பின்னர் ஊருக்கு ஊர் மாநாடுகள் நடந்தன.

1979ஆம் ஆண்டில் தொடர் திரைப்படமாக வந்தபோது, கிளிங்கோன்களுக்கு நெற்றியில் முகடுகள் வைத்தார்கள். வாயில் புதுச் சொற்களும் வைத்தார்கள். அந்தச் சில சொற்களைக் கட்டிக் கொடுத்தவர், கப்பலின் பொறியாளர் வேடம் ஏற்ற ஜேம்ஸ் டூகன் என்ற நடிகர். அவை கரடுமுரடான ஒலிகளாக இருந்தனவே தவிர, அவற்றின் பின்னே இலக்கணம் எதுவும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் மார்க் ஓக்ராண்ட் என்னும் மொழியியலாளர். காது கேளாதோர் தொலைக்காட்சியைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி திரையில் எழுத்துகளைக் காட்டும் பணியில் அவர் இருந்தார். 1982ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் படத்தில், நடிகர்கள் ஆங்கிலத்தில் பேசி முடித்திருந்த சில வரிகளுக்கு, அவர்களின் உதட்டசைவுக்குப் பொருந்தும்படி வல்கன் இனத்தாரின் சொற்களை ஆக்கித் தந்தார். அதைக் கண்டு, 1984ஆம் ஆண்டில் வெளியான மூன்றாம் படத்துக்குக் கிளிங்கோன் மொழியை ஆக்கும் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தார்கள். டூகன் தந்த சொற்களை அவர் எறிந்துவிடவில்லை. அவற்றையே விதையாக வைத்து ஒலிகளையும் இலக்கணத்தையும் வகுத்தார். படப்பிடிப்பில் நடிகர் ஒருவர் சொல்லைத் தவறாக உச்சரித்து, அந்தக் காட்சியை இயக்குநரும் ஏற்றுக்கொண்டுவிட்டால், தவறான சொல்லையே சரியானதாக்கி மொழியைத் திருத்திக் கொள்வாராம்!

அவர் வகுத்த மொழி எப்படிப்பட்டது? வகுப்பறையில் செய்வதுபோல ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்ப்போம். 'டூஜ்' என்றால் கப்பல். 'லெக்' என்றால் பார். 'புக்' என்றால் பிள்ளை. 'டூஜ் லெக் புக்' என்றால் 'பிள்ளை கப்பலைப் பார்க்கிறது' என்று பொருள். செயப்படுபொருள் முதலில், பயனிலை நடுவில், எழுவாய் கடைசியில். உலக மொழிகளில் மிக அரிதான வரிசை இது. பிரேசில் நாட்டுக் காடுகளில் பேசப்படும் ஹிஷ்கரியானா என்ற மொழியில் இது உண்டு. வேற்றுலகத்தார் மொழி மனிதருக்கு விந்தையாகப் படவேண்டும் என்பதற்காகவே ஓக்ராண்ட் இதைத் தேர்ந்தார்.

தமிழில் 'கப்பலைப் பிள்ளை பார்க்கிறது' என்று மாற்றிச் சொன்னாலும் பொருள் மாறாது. 'ஐ' என்னும் வேற்றுமை உருபு பொருளைக் காத்து நிற்கிறது. கிளிங்கோனில் அந்த உருபு இல்லை. 'புக் லெக் டூஜ்' என்று புரட்டினால், கப்பல் பிள்ளையைப் பார்ப்பதாகிவிடும். ஆனால் 'இல்' என்ற பொருள் தரும் உருபு உண்டு. 'ஜுஹ்' என்றால் வீடு. 'ஜுஹ்டாக்' என்றால் வீட்டில்.

இரயில் பெட்டிகளைக் கோப்பதுபோல, சொல்லின் பின்னே ஒட்டுகளைக் கோத்துக்கொண்டே போவதில் கிளிங்கோன் நம் மொழியை ஒத்திருக்கிறது. 'கோஜ்' என்றால் கல். 'மோஹ்' சேர்ந்தால் கற்கச் செய். அதனோடு 'வி' சேர்ந்து 'கோஜ்மோஹ்வி' ஆனால் கற்கச் செய்பவர், அதாவது ஆசிரியர். 'கோஜ்மோஹ்வி ஜிஹ்' என்றால் 'நான் ஆசிரியர்'. 'நான் ஆசிரியர்' என்பதில் வினைச்சொல் இல்லாதது போலவே அதிலும் இல்லை. ஆங்கிலேயருக்குத்தான் அது தொல்லை. ஒலியிலும் ஓர் ஒற்றுமை காணலாம். 'படம்' என்று நாம் சொல்லும்போது நா மடிந்து அண்ணத்தைத் தொடுகிறதல்லவா? கிளிங்கோனின் டகரமும் அவ்வாறே பிறக்கிறது. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்கள் பயிற்சி செய்து வரவழைக்கும் ஒலி அது. தொண்டையின் அடியிலிருந்து காறி எழுப்பும் ஒலியோ யாருக்குமே எளிதல்ல.

1985ஆம் ஆண்டில் ஓக்ராண்ட் எழுதிய கிளிங்கோன் அகராதி வெளிவந்தது. ரசிகர்கள் அதை வேடிக்கைப் பொருளாக வாங்கினார்கள். அவர்களுள் சிலர் பாடநூலாகப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். 1992ஆம் ஆண்டில் லாரன்ஸ் ஷோன் என்பவர் பென்சில்வேனியா மாநிலத்தில் கிளிங்கோன் மொழிக் கழகத்தை நிறுவினார். இதழ் வெளியிட்டார்கள். தேர்வுகள் வைத்தார்கள். ஆண்டுதோறும் கூடிப் பேசினார்கள்.

மாநாட்டு மண்டபத்தைக் கற்பனை செய்து பாருங்கள். கவசமும் முகட்டு நெற்றியும் நீண்ட முடியுமாகக் கிளிங்கோன் வீரர்கள் உலவுகிறார்கள். எதிர்ப்பட்டவர் 'நுக்நெஹ்' என்கிறார். வணக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். 'என்ன வேண்டும்?' என்பது அதன் பொருள். முகமன் கூறுவது கிளிங்கோன் வீரனுக்கு வழக்கமில்லை என்று மொழியை அப்படி வைத்திருக்கிறார்கள்! விடைபெறும்போது 'கப்லா' என்கிறார்கள். வெற்றி என்று பொருள். வேடமிட்டவர் பலருக்கு இவ்விரு சொற்களோடு சரி. மறுபுறம், மொழியை முறையாகக் கற்றவர்களில் வேடமே போடாதவர்களும் உண்டு. சரளமாகப் பேசக்கூடியவர்கள் மிகச் சிலரே.

ஆயினும் அச்சிலர் செய்தவை சிறியன அல்ல. 1991ஆம் ஆண்டில் வந்த ஆறாம் படத்தில், ஷேக்ஸ்பியரின் மூலமே கிளிங்கோன்தான் என்று ஒரு பாத்திரம் பெருமை பேசும். அந்த நகைச்சுவையைப் பிடித்துக்கொண்டு 'ஹாம்லெட்' நாடகம் முழுவதையும் மொழிபெயர்த்து 1996ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 2010ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் முழுவதும் கிளிங்கோன் மொழியிலேயே ஓர் இசை நாடகம் அரங்கேறியது. 2016ஆம் ஆண்டில் வழக்குமன்றத்திலும் அதன் பேச்சு எழுந்தது. ரசிகர்கள் தாமே எடுக்க முயன்ற படம் ஒன்றின்மேல் திரைப்பட நிறுவனத்தார் தொடுத்த வழக்கில், கிளிங்கோன் மொழியும் தங்கள் உரிமைப் பொருள் என்றார்கள். மொழி ஆக்குவோர் சங்கம் ஒன்று, பலர் பேசும் மொழிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று எழுதிக் கொடுத்தது. கிளிங்கோன் வாக்கியங்களையும் அதிலே சேர்த்திருந்தது. 2017ஆம் ஆண்டில் வழக்கு சமரசமாக முடிந்ததால், அக்கேள்விக்குத் தீர்ப்பு வரவில்லை.

இதையெல்லாம் நாம் வகுப்பில் சொல்லிக் கொண்டிருந்தபோது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்த மொழியிலே அம்மாவை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள். தேடிப் பார்த்தோம். 'ஷோஷ்' என்ற சொல் அகராதியில் இருக்கிறது. அப்படிக் கூப்பிட ஒரு பிள்ளை இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

அதையும் ஒருவர் சோதித்துப் பார்த்தார். 1990களில் அமெரிக்காவில் மொழியியல் கற்ற தந்தை ஒருவர், தம் மகன் பிறந்தது முதல் அவனோடு கிளிங்கோனில் மட்டுமே பேசினார். தாய் ஆங்கிலத்தில் பேசினார். குழந்தை சொற்களைப் பிடித்துக் கொண்டதாம். ஆனால் குழந்தைக்குக் கட்டும் துணி போன்ற வீட்டுப் பொருள்களுக்குச் சொல் இல்லை. கப்பலை ஓட்டும் மேடைக்கு அகராதியில் சொல் இருந்தது. ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கு அன்று சொல் இல்லை. போருக்கென்று ஆக்கிய மொழி அல்லவா? அடுத்த வீட்டிலும் கடைத்தெருவிலும் அதைப் பேச யாருமில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் பிள்ளை ஆங்கிலத்தின் பக்கம் போய்விட்டான். தந்தையும் வற்புறுத்தாமல் விட்டுவிட்டார்.

நேயர்களே, இந்த வரலாற்றில் கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மனத்தில் மிகவும் தைத்தது அதுதான். ஓக்ராண்ட் கிளிங்கோனை ஆக்குவதற்கு முன்பு, 1977ஆம் ஆண்டில், முட்சுன் என்னும் மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். முட்சுன், கலிபோர்னியாவின் பழங்குடி மக்கள் பேசிய மொழி. ஸ்பானிய மதத் தலங்கள் வந்தன, மக்கள் ஊர் பெயர்க்கப்பட்டார்கள், நோயால் மடிந்தார்கள். பின்னர் ஆங்கிலம் வந்தது. அம்மொழியை நன்கறிந்த கடைசி மூதாட்டியான அசென்சியோன் சொலோர்சானோ 1930ஆம் ஆண்டில் காலமானார். நோயுற்றுக் கிடந்த அவரருகே அமர்ந்து, ஹாரிங்டன் என்ற அறிஞர் சொற்களை எழுதிக் கொண்டார். அக்குறிப்புகளையும், நூறாண்டுக்கு முன்னர் ஒரு பாதிரியார் எழுதி வைத்தவற்றையும் கொண்டுதான் ஓக்ராண்ட் தம் ஆய்வைச் செய்தார்.

ஒரே மனிதரின் மேசைமேல் இரண்டு மொழிகள் இருந்திருக்கின்றன. முட்சுனுக்கு மண் இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் இருந்தன. பேச வாய் இல்லாமற் போயிற்று. கிளிங்கோனுக்கு மண்ணும் இல்லை, மூதாதையரும் இல்லை. வேடமிட்ட சிலரின் வாய் கிடைத்தது. 1990களில் முட்சுன் வழித்தோன்றல்கள் தம் பாட்டிமாரின் மொழியை மீண்டும் பேச முற்பட்டபோது, அந்தப் பழைய குறிப்புகளும் ஆய்வும் அவர்களுக்குக் கைகொடுத்தன. பின்னர் 2016ஆம் ஆண்டில் முட்சுன் அகராதியும் அச்சாகி வந்தது.

பொழுதுபோக்குக்காக வேற்றுலக மொழியைக் கற்பவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. பயன் எதுவும் கருதாமல் இலக்கணம் படிக்கும் அவர்கள் ஆர்வம் நம் மாணவர்களுக்கும் வரவேண்டும். ஆனால் அம்மாவைக் கூப்பிடும் சொல்லை அகராதியில் தேடும் நிலை எந்த மொழிக்கும் வரக்கூடாது. அந்த மாணவியின் கேள்விக்கு இதைவிடச் சரியான விடை எங்களுக்குக் கிடைக்கவில்லை. இன்றிரவு உங்கள் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரை அருகே உட்கார வைத்து, அவர் மட்டும் அறிந்த பத்துச் சொற்களைக் கேட்டு ஏட்டில் எழுதிக் கொள்ளுங்கள். மறுநாள் வகுப்புக்கு அதைக் கொண்டு வாருங்கள்.