முழு மிளகும் தூள் மிளகும்

மஞ்சளை விரலியாகவும், மல்லியை விதையாகவும், மிளகை மணியாகவும் கேட்டு வாங்கி, முறத்தில் புடைத்து, வெயிலில் உலர்த்தி, தம் கண்ணெதிரிலேயே அரைபட வேண்டும் என்று மாவு மில்லின் வாசலில் தூக்குவாளியுடன் காத்து நிற்கிற பாட்டிமார்களைக் காலத்துக்கு ஒவ்வாத பிடிவாதக்காரர்கள் என்று இளையவர்கள் நகைப்பதுண்டு. ஆனால் பண்டத்தை அதன் இயற்கை உருவத்திலேயே வாங்கவேண்டும், உருமாறி வந்ததை எளிதில் நம்பலாகாது என்னும் இந்தப் பாட்டி வைத்தியப் பாடத்தை, உலகத்தின் மிகப் பெரிய வியாபார ஸ்தலமாக விளங்கிய லண்டன் மாநகரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில், ரசாயன சாஸ்திரிகளையும் பார்லிமெண்டையும் துணைக்கு அழைத்து, இடையே சில உயிர்களையும் பறிகொடுத்து, மிகுந்த சிரமத்துடன் கற்க வேண்டியிருந்தது.

1801ஆம் வருஷத்து ஜனக் கணக்கெடுப்பின்போதே லண்டனில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வசித்தார்கள். கிராமத்தில் இருந்தவரை சொந்தக் கோதுமையை மாவாக்கி, சொந்த அடுப்பில் ரொட்டி சுட்டு, பீர் என்னும் பார்லிப் பானத்தையும் வீட்டுக் கொல்லையிலேயே காய்ச்சிக் குடித்த குடும்பங்கள், பட்டணத்தின் ஒற்றை அறைகளில் வந்து ஒண்டியதும், அடுப்பும் இல்லாமல், அவகாசமும் இல்லாமல், எல்லாவற்றையும் கடையில் வாங்கும் நிலைக்கு ஆளாயின. விளைவித்தவனுக்கும் உண்பவனுக்கும் நடுவில் ஐந்தாறு கைகள் வந்து புகுந்தன. அந்தக் கைகள் என்ன செய்தன என்பதைப் பகிரங்கமாக எழுதத் துணிந்தவர் பிரெடரிக் அக்கும் என்ற ஜெர்மானியர்.

1769இல் பூக்கபுர்க் என்னும் சிற்றூரில் பிறந்து, 1793இல் லண்டனுக்கு வந்து, ரசாயனப் பிரசங்கங்கள் செய்தும், ரசாயனக் கருவிகளும் சரக்குகளும் விற்றும், தெருக்களுக்கு வாயு விளக்கு ஏற்றும் முயற்சிக்குத் தோள்கொடுத்தும் புகழ் பெற்ற அக்கும், 1820இல் உணவுக் கலப்படத்தையும் சமையலறை விஷங்களையும் பற்றி ஒரு கிரந்தத்தை வெளியிட்டார். எலிசா தீர்க்கதரிசியின் சீடர்கள் கூழ்ச் சட்டியில் விஷம் கண்டு அலறிய விவிலிய வாசகமே அதன் முகப்பில் பொறிக்கப்பட்டிருந்தது. ஒரு மாதத்திற்குள் ஆயிரம் பிரதிகள் விற்றுப் போயின என்றால், தாங்கள் தின்பது இன்னதென்று அறிய ஜனங்கள் எவ்வளவு தவித்திருந்தார்கள் என்பதை ஊகிக்கலாம்.

அந்தப் புஸ்தகத்தில் வரும் பாலாடைக்கட்டியின் கதை துப்பறியும் நவீனம்போல் இருக்கிறது. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு நகரத்தின் விடுதியில் தங்கியிருந்த கனவான் ஒருவருக்கு ஒரு நாள் இரவு, இன்னதென்று சொல்லத் தெரியாத வயிற்று வலி கண்டது, மறுநாள் தணிந்தது, சில தினங்கள் கழித்து மீண்டும் வந்தது. இரண்டு தடவையும் தாம் வாட்டிய கிளாஸ்டர் பாலாடைக்கட்டி சாப்பிட்டிருந்தது அவர் நினைவுக்கு வந்து, விடுதிக்கார அம்மாளிடம் பிரஸ்தாபித்தபோது, அந்த அம்மாளுக்கு மிகுந்த ஆச்சரியமாகிவிட்டது. லண்டனில் கௌரவமான வியாபாரியிடம் வாங்கிய சரக்கென்று அவள் சொன்னாள். பிறகு ஒரு நாள், அந்தக் கட்டியிலிருந்து சீவி எறிந்த மேல்தோலைத் தின்ற பூனைக்குட்டி வாந்தியெடுத்துச் சுருண்டது என்று வேலைக்காரப் பெண் வந்து சொன்னாள். கனவானின் வயிற்று வலி செய்யாததைப் பூனைக்குட்டியின் வாந்தி செய்தது. கட்டி ரசாயனப் பரிசோதனைக்குப் போயிற்று. அதில் ஈயம் இருந்தது.

ஈயம் எப்படி வந்தது? பால் கறந்து கட்டி செய்த குடியானவர் யோக்கியர். கட்டிக்குச் செம்மஞ்சள் நிறம் ஏற வழக்கம்போல் அனாட்டோ என்னும் விதைச்சாயத்தைத்தான் வாங்கிச் சேர்த்தார். சாயம் விற்றவர், அந்த வருஷத்துச் சரக்கு நிறம் மங்கியிருந்ததால், சாதிலிங்கத்தை அதில் கொஞ்சம் கலந்தார். அவருக்கும் யாரையும் கொல்லும் எண்ணம் கிடையாது. சாதிலிங்கம் விற்ற மருந்துச் சரக்குக் கடைக்காரரோ, இது வீட்டுச் சுவருக்கும் கதவுக்கும் பூசும் வர்ணத்துக்குத்தானே போகிறது என்று எண்ணி, மலிவான ஈயச் செந்தூரத்தை அதில் சேர்த்திருந்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியே கூண்டில் ஏற்றி விசாரித்தால், பெரிய பாதகன் என்று ஒருவரையும் சுட்டிக்காட்ட முடியாது; ஆனாலும் பல கைகள் மாறி வந்த பண்டம் விஷமாகிவிட்டது. கலப்படம் என்றால் கொடியவன் ஒருவன் இருட்டில் செய்யும் சதி என்றே நாம் நினைக்கிறோம். இந்தக் கதையைப் படித்தவர்களுக்கு அந்த எண்ணம் நிலைக்காது. வெள்ளையாக இருக்க வேண்டிய கட்டிக்குச் சாயம் எதற்கு என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும். ஆனால் சாயமில்லாத கட்டியை வாங்குவார் யார்?

ஊறுகாயிலும் இதே நிறப் பைத்தியம்தான். காடியில் ஊறிய காய் பழுப்பாகத்தான் மாறும். அது பச்சைப் பசேலென்று தெரிவதற்காகத் தாமிரப் பாத்திரத்தில் வைத்துக் கொதிக்கவிட வேண்டும், அல்லது கொதிக்கும்போது ஒரு செப்புக் காசைப் போடவேண்டும் என்று அந்தக் காலத்துச் சமையல் புஸ்தகங்களே உபதேசித்தன. தலைவாரிக் கொள்ளும் நேரத்தில் பொழுதுபோக்காக இவ்விதத் தாமிர ஊறுகாயைத் தின்ற யுவதி ஒருத்தி ஒன்பதாம் நாள் இறந்த சம்பவத்தை அக்கும் எடுத்துச் சொல்கிறார். புளியை வெறும் பித்தளையில் கரைத்தால் களிம்பு ஏறும் என்பதும், ஈயம் பூசுகிறவன் தெருவில் குரல் கொடுத்தால் அண்டாவையும் தவலையையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதும் நம் வீடுகளில் எழுத்தறியாதவர்களுக்கும் தெரிந்த செய்தி. அந்தப் பூச்சில் வெள்ளீயம் இருக்கவேண்டுமே தவிர காரீயம் கலக்கக்கூடாது என்பதும் அந்தத் தொழிலின் தர்மம். விஷமென்று நாம் சுரண்டி எறிந்த களிம்பை, அங்கே அழகுக்காக ஏற்றிக்கொண்டார்கள்.

நம் பக்கத்துப் பண்டங்கள் சிலவும் இந்தச் சரித்திரத்தில் வேஷம் கட்டி வருகின்றன. மலையாளக் கரையிலும் சுமத்திராவிலும் விளைந்த மிளகுக்கு இங்கிலாந்தில் கனத்த வரி; ஆகவே ஆளிவிதைப் பிண்ணாக்கையும் களிமண்ணையும் கொஞ்சம் மிளகாய்ப்பொடியையும் பிசைந்து, சல்லடையில் அழுத்தி, பீப்பாயில் இட்டு உருட்டிப் பொய் மிளகு செய்து, மெய் மிளகோடு கலந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க அக்கும் சொன்ன உபாயம் எந்தச் சமையலறையிலும் செய்யக்கூடியது: ஒரு பிடி மிளகைத் தண்ணீரில் போட்டு வைத்தால், மண் மிளகு கரைந்து குழம்பும், மெய் மிளகு அப்படியே இருக்கும். ஆனால் மிளகு தூளாகிவிட்டால் இந்தப் பரீட்சைக்கு வழியில்லை. கிடங்கின் தரையைப் பெருக்கிய குப்பை மிளகுத்தூளில் சேர்ந்தது. வியாபாரிகளின் பரிபாஷையில் அதற்கு ‘பி.டி.’ என்று பெயர். அதைவிடவும் தாழ்ந்த குப்பைக்கு ‘டி.பி.டி.’ என்று தனிப் பெயர். திருட்டுக்குக்கூட இவ்வளவு ஒழுங்கான தரப்பிரிவு வைத்த வணிகர்களை வியக்காமல் இருக்க முடியவில்லை.

பீரின் கதை இதனினும் விசித்திரம். நம் மேற்குக் கரைக் காடுகளில் படரும் காக்காய்க்கொல்லிக் கொடியின் காயை, நீர்நிலைகளில் தூவி மீனை மயக்கிப் பிடிக்க உபயோகிப்பதை அறிவோம். அந்த நச்சுக் காய் கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று. தோல் பதனிடுவோருக்கும் சாயக்காரருக்கும் என்று சொல்லிக்கொண்டு அதன் கஷாயத்தைக் கறுப்புச் சத்து என்ற பெயரில் மருந்துக் கடைக்காரர்கள் காய்ச்ச, பீர் காய்ச்சுகிறவர்கள் வாங்கிப் போனார்கள். முளைகட்டிய பார்லியைக் குறைத்துவிட்டு, போதைக்குப் பதிலாக மயக்கத்தை விற்றார்கள். சர்க்கார் இதைத் தடுக்காமல் இல்லை. ஆனால் குடிப்பவனின் வயிற்றைக் காட்டிலும் பார்லிக்கு வரவேண்டிய வரியின்மீதுதான் அவர்களுக்கு அக்கறை. 1818இல், முள்செடித் தழைகளை உலர்த்தித் தாமிரத் தகட்டில் வாட்டிக் களிம்பும் சாயமும் ஏற்றிப் பச்சைத் தேயிலையென்று விற்ற லண்டன் வியாபாரி ஒருவருக்கு 840 பவுன் அபராதம் விதித்ததும் வரி இலாகாவின் சட்டத்தின் கீழேதான்.

பிடிபட்ட வியாபாரிகளின் பெயர்களைப் புஸ்தகத்தில் அச்சிட்டதுதான் அக்கும் செய்த துணிச்சல். அவருக்கு எதிரிகள் பெருகினார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே, ராயல் இன்ஸ்டிடியூஷன் நூலகத்தில் புஸ்தகங்களின் தாள்களைக் கிழித்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது எழுந்தது. தாள்களின் மதிப்பு 14 பென்ஸ். வழக்கு விசாரணைக்கு நிற்காமல் அவர் ஜெர்மனிக்குத் திரும்பி, அங்கே ஆசிரியராக வாழ்ந்து, 1838இல் பெர்லினில் காலமானார். அவர் தாள் கிழித்தது மெய்யென்றே தோன்றுகிறது. ஆயினும் ஒருவர் தாள் கிழித்ததற்காக ஊரார் முப்பது வருஷம் படிகாரம் கலந்த ரொட்டியைத் தின்றது நியாயமாகத் தோன்றவில்லை.

ஏறக்குறைய அதே சமயத்தில் வில்லியம் காபெட் என்ற பத்திரிகாசிரியர், ரசாயனத்தின் பக்கமே போகாமல், ஏழைக் குடும்பங்கள் மறுபடியும் வீட்டிலேயே ரொட்டி சுட்டுப் பீர் காய்ச்ச வேண்டும் என்று குடிசைப் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உபதேசம் உத்தமமானதுதான். ஆனால் விறகும் அடுப்பும் நேரமும் உள்ளவர்களுக்கே அது பயன்படக்கூடியது. பதினான்கு மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு அன்று.

அக்கும் விட்ட இடத்தில் தொடங்கியவர் ஆர்தர் ஹில் ஹஸ்ஸால் என்ற வைத்தியர். காப்பித்தூளில் சிக்கரி கலந்திருப்பதை ரசாயனத்தால் காணமுடியாதென்று அரசாங்கத்தார் கையை விரித்திருந்தபோது, ஹஸ்ஸால் அந்தத் தூளைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்தார். கொட்டையின் கண்ணறைகளும் வேரின் கண்ணறைகளும் வெவ்வேறாகத் தெரிந்தன. 34 காப்பித்தூள்களில் 31இல் சிக்கரி இருந்தது. 1851 முதல் 1854 வரை ‘லான்ஸெட்’ என்ற வைத்தியப் பத்திரிகையில், அதன் ஆசிரியர் தாமஸ் வாக்லியின் ஆதரவோடு, வாங்கிய கடையின் பெயரும் விலாசமும் சகிதமாகத் தம் முடிவுகளை அவர் வெளியிட்டு வந்தார். குழந்தைகளின் மிட்டாய்களில் ஈயமும் பாஷாணமும் சேர்ந்த வர்ணங்கள். கடுகுத்தூளில் கோதுமை மாவு. மாவின் வெளுப்பு தெரியாதிருக்க மஞ்சள். நம் அடுப்பங்கரையில் மங்கலப் பொருளாக இருக்கும் மஞ்சள் அங்கே திருட்டை மூடும் போர்வையாயிற்று.

1858ஆம் வருஷம் அக்டோபரில் பிராட்போர்டு நகரில் நடந்தது எவருக்கும் பூதக்கண்ணாடி தேவைப்படாத சம்பவம். சர்க்கரை விலை அதிகமாகையால் மிட்டாய்க்காரர்கள் பாரீஸ் சாந்து போன்ற வெள்ளைத் தூளைக் கலப்பது சகஜம். அன்று மருந்துக் கடைப் பையன் தவறான பீப்பாயிலிருந்து 12 ராத்தல் வெள்ளைப் பாஷாணத்தை அள்ளிக் கொடுத்துவிட்டான். சந்தையில் விற்ற புதினா மிட்டாயைத் தின்று சுமார் 20 பேர் மாண்டார்கள். 200 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள். வழக்கில் யாரும் தண்டிக்கப்படவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, சட்டம் எதுவும் வராத காலத்தில், ராச்டேல் என்ற நெசவு நகரத்தில் 28 பேர் தங்களுக்குள் பணம் சேர்த்து, 1844 டிசம்பர் 21ந்தேதி டோட் லேன் என்ற சந்தில் ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. வாங்குகிறவனே கடைக்கு உடைமையாளனாகையால், தன் வயிற்றைத் தானே கெடுத்துக்கொள்ள அவனுக்கு ஆதாயம் ஒன்றும் இல்லை. இதைவிட எளிய தர்மசாஸ்திரத்தைக் கலப்படத்துக்கு எதிராக எவரும் எழுதியதில்லை. கூட்டுறவு இயக்கம் பரவியபோது ஒரு சங்கடம் நேர்ந்தது: படிகாரத்தால் வெளுத்த மாவுக்கும் சாயமேற்றிய தேயிலைக்கும் பழகிய கண்களுக்கு, அசல் மாவும் அசல் தேயிலையும் மட்டமான சரக்காகத் தென்பட்டன. கிராஸ் அண்டு பிளாக்வெல் என்ற பிரபல ஊறுகாய்க் கம்பெனி, ‘லான்ஸெட்’ அம்பலப்படுத்திய பின் தாமிரத்தைக் கைவிட்டபோதும் இதே கதைதான். பழுப்பு ஊறுகாயை வாங்குகிறவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள் என்று அதன் முதலாளி தாமஸ் பிளாக்வெல் 1855இல் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். நாக்கைத் திருத்துவதைக் காட்டிலும் வியாபாரியைத் திருத்துவது சுலபமாக இருந்தது.

பிராட்போர்டுக்குப் பின் 1860இல் ஒரு சட்டம் வந்தது, அதில் பல்லில்லை. 1875ஆம் வருஷத்துச் சட்டமே ஓரளவு கடித்தது. சென்னை ராஜதானிக்கு 1918இல் தனிக் கலப்படத் தடைச் சட்டம் ஏற்பட்டது. தேசம் முழுவதற்குமான சட்டம் 1954இல் நிறைவேறி மறு வருஷம் அமலுக்கு வந்தது.

சிக்கரிக்கு மட்டும் விந்தையான யோகம். லண்டன் பத்திரிகைகள் அத்தனை ஆவேசத்தோடு துரத்திய அந்த வேரை, சர்க்கார் 1853இல், கலவை என்று பொட்டலத்தின்மேல் அச்சிட்டால் விற்கலாம் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். கடல் கடந்து வந்து நம் காப்பியில் கலந்த பிறகு, அது குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கி மணையிலேயே உட்கார்ந்துவிட்டது. பச்சைக் காப்பிக்கொட்டையை வாங்கி, இரும்புச் சட்டியில் தாமே வறுத்து, கைமெஷினில் அரைத்து, வேறு எந்தக் கலப்பையும் வாசற்படி ஏறவிடாத குடும்பங்களிலும், டிகாக்‌ஷன் திக்காக இறங்கவேண்டும் என்று ஒரு சிட்டிகை சிக்கரியை எஜமானியே தன் கையால் போடுகிறாள். கடையில் அரைத்து வாங்குகிறவர்களோ, நூற்றுக்கு இருபதா முப்பதா என்று மெஷினின் முன்னால் நின்றுகொண்டு சாவதானமாகப் பேரம் பேசுகிறார்கள்.