குற்றமே இல்லாத ஊர் உண்டா?

குற்றம் என்பது சமூகத்தின் நோய் அல்ல, அதன் இயல்பு. சமூகவியலில் செயல்பாட்டுவாதம் படிக்கும்போது நம்மில் பலரும் முகம் சுளிக்கும் இடம் இதுதான். சொன்னவர் பிரெஞ்சுக்காரர் எமில் துர்கைம், 1895-ல்.

அவர் ஒரு கற்பனை சொல்கிறார். துறவிகள் மட்டுமே வாழும் மடம். அங்கே கொலை, களவு கிடையாது. ஆனால் நாம் பொருட்படுத்தாத சின்னத் தவறு அங்கே பெருங்குற்றமாகிவிடும். நாலு பேர் கூடி ஒருவனைக் கண்டிக்கும்போதுதான் 'நாம் யார்' என்பது அவர்களுக்கே உறைக்கிறது.

ஏறக்குறைய அப்படி ஓர் ஊர் நிஜமாகவே இருந்தது. பைபிள்படி வாழ இங்கிலாந்தை விட்டு, 1630-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பெருந்திரளாகக் குடியேறிய பியூரிட்டன்களின் ஊர். கை எரிக்சன் என்ற சமூகவியலாளர் 1966-ல் இவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தங்கள் எல்லை எது என்ற குழப்பம் வரும்போதெல்லாம் இவர்கள் ஒரு புதுக் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள் என்பது அவர் வாதம்.

1650-களில் அகப்பட்டவர்கள் குவேக்கர்கள். அதிகாரிகள் முன் தொப்பியைக் கழற்றமாட்டார்கள், பெரிய மனிதரையும் 'நீ' என்றுதான் அழைப்பார்கள். (நம்மூரிலும் இதற்கு அடி விழும்!) நாடு கடத்தியும் திரும்பி வந்தால் மரணம் என்று 1658-ல் சட்டம் போட்டார்கள். மேரி டயர் என்ற பெண்மணி திரும்பி வந்தார். 1659-ல் உடன் வந்த இருவரைத் தூக்கிலிட்டு, இவரைக் கடைசி நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். மறுபடி வந்தார். 1660 ஜூன் 1-ல் பாஸ்டனில் தூக்கு.

இதனால் சமூகத்துக்குப் பயன் என்றால், எந்தச் சமூகத்துக்கு? சட்டம் போட்ட நீதிபதிகளுக்கும் போதகர்களுக்கும் பயன் இருந்திருக்கலாம். மேரியின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும்? செயல்பாட்டுவாதம் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

பயன் எப்போதும் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 1692-ல் சேலம் ஊரில் சூனியக்காரர்கள் என்று 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒரு கிழவரைப் பாறாங்கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். ஊர் ஒன்றுபடவில்லை, அண்டை வீட்டாரே ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தார்கள். 1697-ல் அரசே உபவாச நாள் அறிவித்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஆனால் துர்கைம் இன்னொன்றும் சொன்னார்: சில குற்றவாளிகள் நாளைய ஒழுக்கத்தை முன்கூட்டியே வாழ்ந்து காட்டுபவர்கள். அவர் காட்டிய உதாரணம் சாக்ரடீஸ். மேரி டயரையும் சேர்க்கலாம். அவரைத் தூக்கிலிட்ட அதே பாஸ்டனில், மாகாண அரசு மாளிகை முன் 1959-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள்.