வண்டிப்பேட்டை

தமிழ்நாட்டில் பழைய ஊர்கள் பலவற்றில் இன்றும் வண்டிப்பேட்டை என்று ஓர் இடம் உண்டு. பெயர்தான் உண்டு, வண்டி இல்லை. ஒரு காலத்தில் சந்தைக்கு நெல்லும் மிளகாயும் ஏற்றி வந்தவர்கள் அங்கேதான் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, வைக்கோலைப் பிரித்துப் போட்டுவிட்டு, வண்டிக்கு அடியிலேயே துண்டை விரித்துப் படுப்பார்கள். சும்மா அல்ல. பேட்டையைக் குத்தகை எடுத்தவர் வாசலில் நின்று காசு வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்.

அந்தக் காசுக்குச் சட்டமே இருந்தது. சென்னை மாகாணத்தின் 1920-ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம், நகராட்சிக்காரர்கள் வண்டிப்பேட்டை அமைக்கலாம், கட்டணம் வாங்கலாம் என்றது. அதோடு விடவில்லை. பேட்டை அமைத்த பிறகு, அதற்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள் தெரு ஓரத்தில் வண்டியை நிறுத்தி வைப்பதைத் தடுக்கவும் அதிகாரம் கொடுத்தது. தெரு என்பது போவதற்கும் வருவதற்கும். நிற்கிற வண்டிக்கு வேறு இடம், அதற்கு வாடகை. பிற்பாடு மோட்டார் வண்டிகளையும் அந்தச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். முனிசிபல் நிலையத்துக்குள் நுழைகிற பஸ் கட்டணம் கட்டுவது இந்த வழியில் வந்த பழக்கம்தான்.

அப்படியானால் கார் மட்டும் எப்படித் தப்பித்துக்கொண்டது?

சென்னையில் 1901-இலேயே பாரி கம்பெனி டைரக்டர் யார்க் துரை அடையாற்றிலிருந்து கடற்கரை ஆபீசுக்குத் தினமும் காரில் போய்வந்தார். நம்மவர்களில் முதலில் கார் வாங்கியவர், ஹைகோர்ட்டைக் கட்டிக் கொடுத்த கண்டிராக்டர் நம்பெருமாள் செட்டியார் என்பார்கள். காருக்கு உடையவர்கள் இப்படிப்பட்டவர்கள் என்றால், யார் போய் அவர்களிடம் பேட்டைக் காசு கேட்பது? கடை வாசலில் ஒரு கார் நின்றால் அது கடைக்கே ஒரு கௌரவம் அல்லவா! டிரைவர் தூசி தட்டிக்கொண்டு நிற்பார்; போலீஸ்காரர் சலாம் போடுவார். பெரிய மனிதர் நாலு பேருக்குக் காட்டிய மரியாதை, கார்கள் லட்சக்கணக்கில் பெருகிய பிறகும் உரிமையாக நிலைத்துவிட்டது. மாட்டு வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொன்னவர்கள், காரை ஊரின் நடு மத்தியில் நிறுத்த விட்டார்கள்.

கார்கள் முதலில் பெருகிய அமெரிக்காவில் சண்டையும் முதலில் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரசபை 1920-இல் கடைவீதியில் பகல் வேளையில் காரை நிறுத்தக் கூடாதென்று தடை போட்டது. வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர்கள் கூச்சலிட்டார்கள். சில வாரங்களிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஒக்லஹாமா நகரத்தில் கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியர் வேறு விதமாக யோசித்தார். கடைவீதியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை வாடிக்கைக்காரர்களின் கார்கள் அல்ல. அங்கேயே வேலை பார்த்தவர்கள் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு மாலை வரை எடுக்காத கார்கள். ஆகவே 1935 ஜூலை 16-ஆம் தேதி தெரு ஓரத்தில் ஒரு யந்திரத்தை நட்டார்கள். மணிக்கு ஐந்து சென்ட். எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள், ‘எங்கள் பக்கமும் வையுங்கள்’ என்று தாமே வந்து கேட்டார்களாம். நம் பேட்டைக் குத்தகைதாரரை இரும்பில் வார்த்து நிறுத்தினாற்போலத்தான் அந்த யந்திரம்!

சென்னைக்கு வருவோம். 1923-இல் மாம்பலம் ஏரியை வற்ற வைத்து உண்டாக்கிய தியாகராய நகரில், பாண்டி பஜார் நடைபாதையை நம்பிப் பல குடும்பங்கள் வளையலும் ரிப்பனும் விற்றுப் பிழைத்தன. நடப்பவர்களுக்கு இடைஞ்சல் என்று 2013-இல் அவர்களை ஒரு மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். அவர்கள் போனார்கள், நடைபாதையை ஒட்டி நின்ற கார்கள் போகவில்லை. ஒரு கார் நிற்க, கதவு திறக்கிற இடத்தையும் சேர்த்தால், சுமார் 135 சதுர அடி வேண்டும். அந்த இடத்தில் நாலைந்து வளையல் கடை பரப்பலாம். கார்களின் முறை வந்தது 2019 நவம்பரில்தான். நடைபாதையை அகலமாக்கி, நடப்பவர்களுக்கென்று வீதியைத் திறந்தார்கள். கார்களுக்காகத் தணிகாசலம் சாலையில் அடுக்கு மாடியும் கட்டினார்கள்: 222 கார்கள், 513 இருசக்கர வண்டிகள், செலவு சுமார் 40 கோடி ரூபாய். வளையல்காரருக்கும் மாடி, காருக்கும் மாடி. ஆனால் மாடி ஏறினால் வளையல்காரருக்கு வியாபாரம் போகிறது. காருக்கு என்ன போகிறது?

நான் இருக்கும் கள்ளிக்குப்பம் நகர நடுவிலிருந்து தொலைவு. இங்கிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறவர், அம்பத்தூர் ரயில் நிலையத்து ஸ்டாண்டில் சைக்கிளையோ ஸ்கூட்டரையோ விட்டுக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறுகிறார். 1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள் கம்பெனியின் ஊரல்லவா அம்பத்தூர்! அந்தச் சைக்கிளுக்கு வாடகை. எங்கள் தெருவில் உறை போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும் காருக்குத் தம்படி கிடையாது. குப்பை வண்டி அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. தண்ணீர் லாரி ஹாரன் அடித்து ஓய்ந்துபோகிறது. தெருக்கோடியில் ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறியபோது ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல், நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஜப்பானில் 1962-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கார் வாங்க வேண்டுமானால், அதை நிறுத்தத் தெரு அல்லாத ஓர் இடம் இருப்பதாகக் காட்ட வேண்டும். பெரிய நகரங்களில் போலீசாரிடம் அத்தாட்சி வாங்கியாக வேண்டும். எங்கள் தெருவில் அந்த அதிகாரி வந்து, ‘இடத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்டால், ஒரு சிலர் கேட்டைத் திறந்து உள்ளே காட்டுவார்கள். மற்றவர்கள் அவர் நின்றுகொண்டிருக்கும் இடத்தையேதான் காட்ட வேண்டியிருக்கும்.