ஆன்ஃபீல்டில் நம்பிக்கை வளர்ந்த வரலாறு

புதிய பயிற்சியாளர் ஒருவர் வந்து சேர்ந்த மறுநாளே தங்கள் அணிக்கு நல்ல காலம் பிறந்துவிட்டதென்று பேசத் தொடங்குவது கால்பந்து அபிமானிகளின் சுபாவம். அந்தப் பேச்சு பெரும்பாலும் முதல் நாலைந்து ஆட்டங்களிலேயே ஓய்ந்துபோகும் என்பதையும் அவர்களே நன்கு அறிவர். ஆயினும் எங்கோ சில ஊர்களில், எப்போதோ சில காலங்களில், அந்த நம்பிக்கை ஓயாமல் நின்று, தோல்விகளையும் சகித்துக்கொண்டு, மெல்ல மெல்ல வேரூன்றி, ஒரு தலைமுறையின் பிதுரார்ஜிதம்போல் மகனுக்கும் பேரனுக்கும் போய்ச் சேர்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கே மெர்ஸி நதி கடலோடு கலக்குமிடத்தில் உள்ள லிவர்பூல் நகரம் இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம். 1959-ஆம் ஆண்டு டிசம்பரில் பில் ஷாங்க்லி அந்நகரக் கால்பந்துக் கிளப்பின் மானேஜராகப் பொறுப்பேற்றதையும், பிற்பாடு அவர் வென்று குவித்த கோப்பைகளையும் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் முதல் பெரிய பட்டம் கைக்கு வருவதற்கு முன் கழிந்த நான்கு ஆண்டுகளில் ஜனங்களின் மனம் எப்படிப் படிப்படியாகத் தெளிந்தது என்பதே அந்தச் சரித்திரத்தில் மிகவும் ஆராயத் தக்க பகுதி என்று தோன்றுகிறது.

லிவர்பூல் ஒரு துறைமுகப் பட்டணம். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்ற நிலையில் தினக்கூலிக்கு மூட்டை சுமந்த தொழிலாளர்களும், பஞ்சம் பிழைக்க அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததியாரும் நிறைந்த அந்நகரத்தில், சனிக்கிழமைப் பிற்பகலில் நடக்கும் கால்பந்து ஆட்டமே வாரம் முழுவதும் எதிர்நோக்கி இருக்கத்தக்க திருவிழாவாக விளங்கிற்று. கிளப்பின் மைதானமான ஆன்ஃபீல்டின் ஒரு கோடியில், 1906-இல் எழுப்பப்பட்ட பெரிய சரிவு மேடை ஒன்று உண்டு. அக்காலத்தில் அதில் இருபத்தையாயிரம் பேருக்கும் மேலாக நின்றுகொண்டே ஆட்டம் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 1900-ஆம் ஆண்டு ஜனவரியில் போயர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் கடும் போர் நடந்த ஸ்பியான் கோப் என்ற குன்றின் பெயரையே அம்மேடைக்கு இட்டார்கள். அப்போரில் மாண்ட சிப்பாய்களில் லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் அநேகர். அதே குன்றிலிருந்து காயமுற்றவர்களைத் தூக்கிச் சுமந்தவர்கள் காந்தியடிகள் நேட்டாலில் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினர் என்பதும், சுமார் ஆயிரத்து நூறு பேர் கொண்ட அப்படையில் பெரும்பகுதியினர் ஒப்பந்தக் கூலிகள் என்பதும், நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளில் தமிழர் தொகை மிகுதி என்பதும் நம்மவர் அறிந்துவைக்கத் தக்க செய்திகள். 'கோப்' என்று சுருக்கமாக வழங்கிய அந்த மேடையில் நின்ற ஜனங்களே இந்த விருத்தாந்தத்தின் நாயகர்கள்.

உலக யுத்தம் முடிந்தபின் நடந்த முதல் லீக் பந்தயத்தில், 1947-இல், லிவர்பூல் பட்டம் வென்றது. அதற்குப் பின் வந்தது நெடிய இறக்கம். 1954-இல் முதல் டிவிஷனின் அடிமட்டத்தில் நின்று இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. அதே ஆண்டில், ஒரே பூங்காவின் மறுபக்கத்தில் அப்போது மைதானம் கொண்டிருந்த பங்காளிக் கிளப்பான எவர்ட்டன் இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே ஏறிற்று என்றால், ஆன்ஃபீல்டு அபிமானிகள் தெருவிலும் தொழிற்சாலையிலும் பட்ட மனஸ்தாபத்தை விவரிக்கவேண்டியதில்லை. பதவி உயர்வு இரண்டு அணிகளுக்கு மட்டுமே கிடைத்த அக்காலத்தில், 1956-இலும் 1957-இலும் மூன்றாம் இடம், 1958-இலும் 1959-இலும் நான்காம் இடம் என்று வாசற்படி வரை சென்று திரும்புவதே கிளப்பின் வழக்கமாகிவிட்டது. பில்லி லிடெல் என்ற ஸ்காட்லாந்து வீரர் ஒருவரின் கால்களையே நம்பி அணி காலம் தள்ளிற்று. 1959 ஜனவரியில், லீகில் இடமே பெறாத வொர்ஸ்டர் சிட்டி என்ற சிறிய அணியிடம் எஃப்.ஏ. கோப்பைப் பந்தயத்தில் 1–2 என்று தோற்றபோது அவமானம் பூர்த்தியாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் மானேஜர் ஃபில் டெய்லர் பதவி விலகினார்.

அவருக்குப்பின் வந்த ஷாங்க்லி, ஸ்காட்லாந்தில் ஏர்ஷயர் ஜில்லாவைச் சேர்ந்த கிளென்பக் என்ற சுரங்கக் கிராமத்தில் 1913-இல் பிறந்தவர். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். பிரஸ்டன் நார்த் எண்ட் அணிக்காக ஆடி 1938-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றவர். மானேஜராகக் கார்லைல், கிரிம்ஸ்பி, வொர்க்கிங்டன், ஹடர்ஸ்ஃபீல்டு ஆகிய சிறிய கிளப்புகளில் பணமின்றி உழன்றவர். 1951-இலேயே லிவர்பூல் டைரக்டர்கள் அவரைப் பேட்டி கண்டதுண்டு. ஆனால் எந்த ஆட்டக்காரர் ஆடவேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை டைரக்டர்கள் தங்கள் வசமே வைத்திருந்த காலம் அது. அந்த நிபந்தனைக்கு அவர் இணங்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து அவ்வதிகாரத்தை அவரிடமே ஒப்படைத்து அழைத்தார்கள் என்பதிலிருந்தே கிளப்பின் கஷ்டம் எவ்வளவு முற்றியிருந்தது என்று ஊகிக்கலாம்.

ஆரம்பம் மங்களகரமாக இல்லை. 1959 டிசம்பர் 19-ஆம் தேதி, சொந்த மைதானத்தில் கார்டிஃப் சிட்டியிடம் 0–4. அடுத்த ஆட்டத்தில் சார்ல்ட்டனிடம் 0–3. புது மானேஜரைப் பார்க்க ஆசையோடு வந்த கூட்டம் மௌனமாகக் கலைந்தது. ஆனால் கூட்டத்தின் கண்ணுக்கு எட்டாத இடங்களில் வேலை தொடங்கியிருந்தது. மெல்வுட் என்ற பயிற்சி மைதானம் அப்போது புல்லும் புதரும் மண்டி, பாழடைந்து கிடந்தது. அதை வெட்டித் திருத்திச் சமன்செய்வதே முதல் கடமையாயிற்று. புதிதாக வருகிற மானேஜர் பழைய உதவியாளர்களை நீக்கிவிட்டுத் தன் மனிதர்களைக் கொண்டுவருவது அத்தொழிலின் சம்பிரதாயம். ஷாங்க்லியோ பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னெட் முதலிய இருந்தவர்களையே வைத்துக்கொண்டு, விசுவாசம் ஒன்றைத்தான் அவர்களிடம் கேட்டார். ஆட்டக்காரர்களின் பூட்ஸ்களை அடுக்கிவைக்கும் சிறிய அறையில் அவர்கள் கூடி ஆலோசிப்பது வழக்கமாகி, அதுவே நாளடைவில் கிளப்பின் மந்திராலோசனை மண்டபமாயிற்று. மைதானத்தைச் சுற்றி மைல் கணக்கில் ஓடவைக்கும் பழைய பயிற்சி குறைந்தது. பந்தை வாங்கியதும் தாமதமின்றித் தட்டிக் கொடுத்துவிட்டு உடனே காலியிடத்துக்கு நகர்வதும், ஐவருக்கு ஐவராகச் சிறு களத்தில் ஆடுவதும், நாற்புறமும் பலகை நிறுத்தி ஓய்வில்லாமல் பந்தை அடித்துப் பழகுவதும் அன்றாட அப்பியாசங்கள் ஆயின. ஆட்டக்காரர்கள் ஆன்ஃபீல்டிலேயே உடை மாற்றிக்கொண்டு பஸ்ஸில் மெல்வுட்டுக்குப் போய், பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் உடம்பின் சூடு தணிந்தபிறகே குளிக்கவேண்டும் என்ற அளவுக்கு அற்ப விஷயங்களிலும் ஒழுங்கு வந்தது. இருபத்துநாலு ஆட்டக்காரர்கள் வேண்டாதவர்கள் என்று தீர்மானிக்கப்பட்டு வழியனுப்பப்பட்டார்கள். அதே வேளையில், விற்றுவிடலாம் என்று முன்பே பட்டியலிடப்பட்டிருந்த ஜெர்ரி பர்ன் என்ற இளைஞரின் தரத்தைக் கண்டு தக்கவைத்துக்கொள்ளவும் புது மானேஜர் தவறவில்லை.

இத்தனை பிரயத்தனத்துக்கும் உடனடிப் பலன் என்ன? 1960-இல் மூன்றாம் இடம். 1961-இலும் மூன்றாம் இடம். காகிதத்தில் பார்த்தால் பழைய கதையேதான். ஆன்ஃபீல்டுக்கு வரும் கூட்டம் அந்த இரண்டாம் ஆண்டில் குறைந்தும் போயிற்று. ஷாங்க்லியே மனம் சலித்துப் போனார். வேண்டிய ஆட்டக்காரர்களை வாங்கப் பணம் கேட்டபோதெல்லாம் டைரக்டர்கள் கையை விரித்தார்கள். அச்சமயம் நிர்வாகக் குழுவுக்கு எரிக் சாயர் வந்து சேர்ந்தது தெய்வாதீனம் என்றே சொல்லவேண்டும். அவர் லிட்டில்வுட்ஸ் கம்பெனியின் கணக்கு நிபுணர். அக்கம்பெனியின் ஸ்தாபகரான ஜான் மூர்ஸ் எவர்ட்டன் கிளப்பின் தலைவர் என்பது இதில் உள்ள வேடிக்கை. மதர்வெல் அணியின் இயன் செயின்ட் ஜானை வாங்க 37,500 பவுன் வேண்டுமென்றபோது, அவ்வளவு தொகைக்குக் கிளப்புக்குச் சக்தியில்லை என்று மற்றவர்கள் தயங்க, அவரை வாங்காமலிருக்கத்தான் நமக்குச் சக்தியில்லை என்று சாயர் வாதித்தார். கிளப் அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் கொடுத்திராத தொகை அது. 1961 மே மாதம் எவர்ட்டனுக்கு எதிரான லிவர்பூல் சீனியர் கோப்பை ஆட்டத்தில் முதல்முதலாக இறங்கிய செயின்ட் ஜான் மூன்று கோல் போட்டார். அணி 3–4 என்று தோற்றது. தோற்ற ஆட்டத்திலிருந்து சந்தோஷத்தோடு வீடு திரும்பும் விசித்திரம் அன்று ஆன்ஃபீல்டு அபிமானிகளுக்கு நேர்ந்தது. அந்தக் கோடையிலேயே டண்டி யுனைடெட்டிலிருந்து ரான் யேட்ஸ் என்ற ஆஜானுபாகுவான தடுப்பாட்டக்காரரும் வந்தார். அவரை நடுவில் நிறுத்தி, ஒரு தரம் பிரதக்ஷிணம் செய்து பாருங்கள் என்று ஷாங்க்லி பத்திரிகை நிருபர்களை அழைத்தாராம். முதுகெலும்பு அமைந்துவிட்டது என்று ஊர் முழுவதும் பேச்சாயிற்று.

ரசிகர்களின் நம்பிக்கை உறுதிப்பட்ட காலம் இதுதான் என்பது என் கருத்து. அதற்கு முன் இருந்தது ஆசை. இப்போது ஆதாரம் கிடைத்தது. 1961–62 பருவத்தில் ராஜர் ஹண்ட் லீக் ஆட்டங்களில் மட்டும் 41 கோல்கள் போட்டார். 62 புள்ளிகளுடன், அடுத்து நின்ற லேடன் ஓரியன்ட்டைவிட எட்டுப் புள்ளிகள் கூடுதலாகப் பெற்று, அணி இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பெற்றது. 1962 ஏப்ரல் 21-ஆம் தேதி சவுதாம்ப்டனை வென்று பதவி உயர்வு உறுதியான அன்று, எட்டு வருஷத்து ஏக்கம் தீர்ந்து ஜனங்கள் செய்த ஆரவாரம் ஆட்டம் முடிந்து வெகுநேரம் ஆகியும் அடங்கவில்லை. மறு ஆண்டு முதல் டிவிஷனில் எட்டாம் இடம். அந்த ஆண்டில் எவர்ட்டன் பட்டம் வென்றது. அதற்கடுத்த பருவத்திலோ சொந்த மைதானத்தில் நடந்த முதல் மூன்று ஆட்டங்களிலும் லிவர்பூல் தோற்றது. பழைய நாளாயிருந்தால் வசைமாரி பொழிந்திருக்கும். ஆனால் இப்போது ஜனங்கள் பொறுத்திருந்தார்கள். 1964 ஏப்ரல் 18-ஆம் தேதி ஆர்சனலை 5–0 என்று வீழ்த்தி, பதினேழு ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டத்தை லிவர்பூல் மீட்டது.

அன்று பி.பி.சி. தன் 'பனோரமா' நிகழ்ச்சிக்காகக் கோப் மேடையையும் படம் பிடித்தது. ஆயிரக்கணக்கான ஆண்கள் தோளோடு தோள் நெருங்கி நின்று, தங்கள் ஊர்ப் பிள்ளைகளான பீட்டில்ஸ் பாடிப் பிரசித்தமான பாட்டுகளை ஒரே குரலில் பாடுவதை அப்படத்தில் காணலாம். ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் என்ற லிவர்பூல் குழு, 'யூ வில் நெவர் வாக் அலோன்' என்ற நாடகப் பாட்டை 1963-இல் பாடிப் பிரபலமாக்க, அதையும் கோப் தன்னுடையதாக்கிக் கொண்டது. நகரத்துக்கே ஒரு புது உத்வேகம் பிறந்திருந்த காலம் அது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்த உத்வேகத்தைத் தன் அணியோடு பிணைக்கத் தெரிந்தவர் ஷாங்க்லி. அபிமானிகள் எழுதும் கடிதங்களுக்குத் தாமே டைப் அடித்துப் பதில் போடுவார். வீட்டு வாசலுக்கு வரும் சிறுவர்களோடு தெருப்பக்கத்துப் புல்வெளியில் பந்து விளையாடுவார். நுழைவுச் சீட்டு வாங்கும் தொழிலாளியின் கூலியில்தான் தமக்குச் சம்பளம் வருகிறது என்பதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. சுரங்கத்தில் உழைத்தவருக்கு அதை ஒருவர் சொல்லித்தர வேண்டியதுமில்லை. ஆட்டக்காரர், மானேஜர், அபிமானி மூவரும் ஒரே குடும்பம் என்ற பாவனையை அவர் மேடைப் பேச்சாக அல்லாமல் நடத்தையில் காட்டினார்.

1965 மே 1-ஆம் தேதி வெம்ப்ளியில் லீட்ஸை 2–1 என்று வென்று, கிளப் தன் சரித்திரத்தில் முதல்முறையாக எஃப்.ஏ. கோப்பையைப் பெற்றது. வேண்டாதவர் என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட பர்ன், ஆட்டத் தொடக்கத்திலேயே காறை எலும்பு முறிந்தும், மாற்று ஆட்டக்காரரை இறக்க விதியில்லாத அக்காலத்தில், கூடுதல் நேரம் முடியும்வரை வலியை வெளிக்காட்டாமல் ஆடினார். 1966-இல் மீண்டும் லீக் பட்டம். அதன்பின் ஏழு ஆண்டுகள் எந்தப் பெரிய கோப்பையும் இல்லை. 1970-இல் வாட்ஃபோர்டிடம் தோற்றபின் ஷாங்க்லி தம் பழைய வீரர்களை ஒவ்வொருவராக விலக்கிப் புது அணியைக் கட்டினார். 1971-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆர்சனலிடம் தோற்றுத் திரும்பிய அணியை வரவேற்க செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தின் முன் மாபெரும் ஜனத்திரள் கூடிற்று. தோற்று வந்தவர்களுக்கு இப்படியும் ஒரு வரவேற்பா என்று வெளியூர்க்காரர்கள் வியந்தனர். 1973-இல் லீக் பட்டமும் யூயேஃபா கோப்பையும், 1974-இல் எஃப்.ஏ. கோப்பையும் வந்தன. அவ்வாண்டு ஜூலை மாதத்தில், யாரும் எதிர்பாராத வேளையில், ஷாங்க்லி பதவி துறந்தார்.

அவருடைய நம்பிக்கை அவரோடு போய்விடவில்லை என்பதற்கு அத்தாட்சி அடுத்து நடந்தவையே. 1959-இல் நீக்கப்படாமல் வைத்துக்கொள்ளப்பட்ட பாப் பெய்ஸ்லியே அடுத்த மானேஜராகி, ஒன்பது பருவங்களில் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார். புதிய பயிற்சியாளரைப் பெற்ற எந்த ஊர் அபிமானிகளும் முதல் மாதத்து வெற்றி தோல்விகளைக் கொண்டு ஆனந்தக் கூத்தாடவும் வேண்டாம், மனம் ஒடியவும் வேண்டாம். பயிற்சி மைதானத்தில் புதர் வெட்டப்படுகிறதா, நல்ல உதவியாளர்கள் மதிக்கப்படுகிறார்களா, கேட்ட ஆட்டக்காரரை நிர்வாகம் வாங்கித் தருகிறதா என்று பார்க்கட்டும். இவை நடக்கின்றன என்றால் பொறுத்திருப்பதில் நஷ்டமில்லை. நடக்கவில்லை என்றால் எத்தனை வெற்றி வந்தாலும் அது நிலைக்கப் போவதில்லை.